நமத்துப்போன மொட்டு

நாரணாபுரத்தின் கடைசித் தெருவில் கடைசி வீடு சங்கிலிமுத்துவினுடையது. அவருக்குப் பிழைப்பே தண்ணீரோடு பகைதான். பட்டாசுக் கம்பெனியில் காயப்போடும் வேலை. ஈரப்பதத்தோடு வருகிற வெடிகளை மேடையில் பரப்ப வேண்டும், வெயிலுக்குத் தக்கபடி புரட்டிவிட வேண்டும், மேகம் ஒன்று தலைகாட்டினால் ஆட்களைக் கூவி அழைத்து எல்லாவற்றையும் உள்ளே அள்ள வேண்டும். வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்துவிட்ட மனிதர். தெருவில் வற்றல் போடுகிற பெண்கள்கூட அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் வெட்டினார். கேட்டவர்களிடம், அதில் தாமரை வளர்க்கப்போவதாகச் சொன்னார். தெருவுக்குக் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒருதரம் வந்தால் பெரிது. பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தண்ணீரில் பாத்திரம் கழுவிய காலம் அது. ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது.

காரணம் அவர் மனைவி முருகம்மாள். அவளுக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் வேலை. சாமிபடம் போட்ட அட்டையில் தேதித்தாள் கட்டு ஒன்றை வைத்துக் கம்பிப் பின் அடிக்க வேண்டும். முருகன், பிள்ளையார் எல்லாம் உண்டு என்றாலும் ஓட்டம் அதிகம் லட்சுமிக்குத்தான். இரண்டாயிரத்து நான்கில் ஒரு பங்குனி மாலை, வேலை முடிந்து வந்தவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"தெனமும் அம்புட்டு லெச்சுமிக்கும் பின் அடிக்கிறேன். எல்லாம் சொகமாத் தாமரையில உக்காந்திருக்கு. ஒரு தாமரை நெசத்துல விரிஞ்சு நின்னு இந்தக் கண்ணால பாத்திருக்கனா?"

கால் வலிக்கிறவள் சொல்கிற பேச்சு அது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டால் முடிந்துபோயிற்று. உலகத்தில் பெண்டாட்டி கட்டிய அத்தனை பேரும் அப்படித்தான் செய்வார்கள். சங்கிலிமுத்து மட்டும் அதை மனதில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் ஏழாயிரம்பண்ணையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு முருகம்மாள் நாலு நாள் போயிருந்தாள். அவளை அசத்திவிட வேண்டும் என்று சங்கிலிமுத்து அந்த நாலு நாளில் குளத்தை வெட்டி முடித்தார். புறவாசலில் இருந்த இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் நட்டநடுவே ஒரு முருங்கை மரம் நின்றது. முருகம்மாள் கல்யாணமாகி வந்த புதிதில் கம்பு ஊன்றி வளர்த்தது. கீரையும் காயுமாக அந்த வீட்டுக்குப் பாதிக் குழம்பு அதுதான். சங்கிலிமுத்து அதை வேரோடு தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியையே அகலப்படுத்தினார். அகலப்படுத்தும்போது வேலை சுளுவாக இருந்தது என்று பக்கத்து வீட்டுக் கருப்பணனிடம் பெருமைவேறு பட்டுக்கொண்டார்.

திரும்பி வந்த முருகம்மாள் புறவாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்தாள்.

"என் முருங்கை எங்க?"

"ஒனக்காகத்தான்… தாமரை…" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முருகம்மாள் அவரிடம் பேசவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். அந்தப் பூதம் கூச்சல் போட்டிருந்தால்கூடச் சங்கிலிமுத்து சமாளித்திருப்பார். இது வாயே திறக்காத பூதம்.

ஆனால் குடித்தனம் என்று இருந்தால் அரிசி தீரும், விறகு தீரும், சொல்லித்தானே ஆக வேண்டும்? முருகம்மாள் சுவரில் தொங்கிய லட்சுமி காலண்டரைப் பார்த்துச் சொல்லுவாள்.

"தாயே, அரிசி தீந்துபோச்சு."

சங்கிலிமுத்து பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார். அவரும் எழுந்து காலண்டருக்கு முன்னால் வந்து நின்று, "தாயே, சாயங்காலம் வாங்கிட்டு வாரேன்னு சொல்லு" என்பார். லட்சுமி இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒருதரம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து மருமகன் வந்தபோது, மாமனாரும் மாமியாரும் மாறிமாறிக் காலண்டரிடம் பேசுவதைப் பார்த்து, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டு, தானும் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மகள் போன வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி பேசாவிட்டால் வீடு என்னத்துக்கு ஆகும்? சங்கிலிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தாமரை பூத்துவிட்டால் பேசிவிடுவாள் என்று நம்பினார். அவள் கேட்டது அதுதானே? முருங்கை போன வருத்தம் பூவைப் பார்த்த நிமிஷம் போய்விடும். இப்படித் தீர்மானம் செய்துகொண்டு குளத்தில் இறங்கினார்.

தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கக் கண்மாயிலிருந்து கரம்பை மண் கொண்டுவந்து மிதித்துக் குளத்துக்கு மெழுகினார். தண்ணீருக்கு வழி? குளத்தங்கரையில் நின்று குளித்தார். மேலில் ஊற்றியது நேராகக் குளத்துக்குப் போகும். சோப்பு தாமரைக்கு ஆகாது என்று யாரோ சொன்னதால் சோப்புப் போடுவதை நிறுத்தினார். கம்பெனியில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆட்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

விருதுநகர் நாட்டு மருந்துக் கடையில் தாமரை விதை வாங்கி வந்தார். கறுப்பாக, கல்லுப் போல இருந்தது. ஊறப்போட்டார். அது ஊறுவேனா என்றது. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, மேல்தோட்டை உரசிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். உரசுவது என்றால் சிவகாசிப் பக்கத்து மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு தீப்பெட்டியை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் தாமரை விதையை உரசினார். பற்றவில்லை. பற்றாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பெட்டி பெட்டியாகத் தேய்த்து ஒருவழியாக விதையின் வெள்ளை தெரிந்தது. ஊறப்போட்டதில் முளையும் வந்தது.

முதல் வருஷம் இலை மட்டும் வந்தது. அதற்கே அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார். நிமிர்வதற்கு அவர் தலையில் பாக்கி ஒன்றும் இல்லை என்பது வேறு.

அடுத்த வருஷம் ஐப்பசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடையெல்லாம் ஈரம். காய வேண்டிய சரக்கு காயவில்லை, போக வேண்டிய லோடு போகவில்லை. வேலை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டாசு ஊரில் தீபாவளிக்கு முன்னால் மழை பெய்தால் யாரையாவது வைதாக வேண்டும். கடவுளை வைய முடியாது. சங்கிலிமுத்துவைத்தான் வைதார்கள். காயப்போடுகிற மனுஷன் குளம் வெட்டினால் மழை வராமல் என்ன செய்யும் என்றார்கள். மேனேஜர் நல்லசிவம் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏப்பா சங்கிலி, ஒன்ன நான் குத்தம் சொல்லல. ஆனா தீவாளி வரைக்கும் அந்தக் கொளத்த மூடி வையி."

"கொளத்த எப்படி அண்ணாச்சி மூட?"

"கம்பெனித் தார்ப்பாய் தாரேன். மேல இருந்து பாத்தா தண்ணி தெரியப்படாது. அம்புட்டுத்தான்."

மேலே இருந்து யார் பார்க்கிறார்கள் என்று சங்கிலிமுத்து கேட்கவில்லை. தார்ப்பாயை வாங்கிக் கட்டினார். மழை அதன்மேல் பெய்தது. தார்ப்பாய் குழிந்து, குளத்துக்கு மேலே இன்னொரு குளம் உண்டானது. நல்லசிவம் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே திரும்பிப் போனார்.

தீபாவளி எப்படியோ முடிந்தது. கம்பெனிகளை அடைத்து லீவு விட்டார்கள். சங்கிலிமுத்து தார்ப்பாயை அவிழ்த்தார். இலைகளுக்கு நடுவே, முழங்கை நீளத் தண்டில், மொட்டு ஒன்று நின்றது.

அவர் அலறிய அலறலில் தெருவே புறவாசலுக்கு ஓடி வந்தது. எல்லோருக்கும் வேலை இல்லாத நேரம். வந்தவர்கள் மொட்டைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகவே பின்வாங்கின. கருப்பணனின் மனைவி மாரிசெல்வி இடுப்புப் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"எப்பண்ணே விரியும்?" என்று கேட்டான் கருப்பணன்.

"காலையில விரியும்னு சொல்றாக."

காலையில் கூட்டம் மறுபடியும் கூடியது. மொட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. மேகமூட்டம், குளிர் காற்று, விட்டுவிட்டுத் தூறல். அந்த வாரம் முழுக்க ஊர் விடிந்ததும் சங்கிலிமுத்து வீட்டுப் புறவாசலில்தான் முழித்தது. கடைசியில் கருப்பணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"நமத்துப்போச்சுண்ணே. தண்ணிக்குள்ள வச்சிருந்தா நமக்காம என்ன செய்யும்?"

எல்லோரும் சிரித்தார்கள். காயப்போடுகிற சங்கிலிமுத்துவிடமே சரக்கு நமத்துப்போன கதை டீக்கடை வரைக்கும் போனது. அவர் யாரையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அடுப்படி ஜன்னல் வழியாக முருகம்மாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காலண்டருக்கு முன்னால் நின்றார். "தாயே, நான் இருக்கன்குடி போயி மாரியாத்தாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்னு சொல்லு" என்றார். பஸ் ஏறிச் சாத்தூர் போய், அங்கிருந்து இருக்கன்குடி போனார். மழைக்காக ஊரெல்லாம் வேண்டுகிற அம்மனிடம், ஒரு நாள் வெயில் கொடு என்று கேட்டுத் தேங்காய் உடைத்தார். மொட்டு விரிய வேண்டும் என்று கேட்க நினைத்து, கேட்டது என்னவோ, "அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசிறணும் ஆத்தா" என்றுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் இவருக்கு ஏதோ பெரிய நோய் என்று விலகி வழிவிட்டார்கள்.

மாரியாத்தா கைமேல் பலன் கொடுத்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் சுள்ளென்று வெயில். சங்கிலிமுத்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, நேரே புறவாசலுக்குப் போனார். குளத்தில் தண்டு மட்டும் நின்றது. மொட்டைக் காணோம்.

மதில் ஓரமாகச் சாக்கு விரித்து, அதன்மேல் முறம் வைத்து, முறத்தில் வெள்ளைத் துணி பரப்பியிருந்தது. நடுவில் மொட்டு. பக்கத்தில் முருகம்மாள் காக்காய் விரட்டும் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். மொட்டு கத்தரிக்காய் வற்றல் மாதிரி சுருங்கிப்போயிருந்தது.

"நமத்தது காயட்டும்னுதான் வச்சேன்" என்றாள் முருகம்மாள். "நீங்க புரட்டுற மாதிரியே புரட்டியும் விட்டேன். ஒரு பக்கமும் விட்டுப்போகல."

சங்கிலிமுத்துவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. ஒன்றரை வருஷம் சோப்புப் போடாமல் குளித்து வளர்த்த மொட்டு! விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் காலண்டருக்கு முன்னால் நின்றார்.

"தாயே! தண்டுல இருந்து கிள்ளிட்டா அது பெறகு எப்படி விரியும்னு கேளு!"

"அங்கன யார்ட்டப் பேசுறீக?" என்று பின்னால் சத்தம் வந்தது. "நான் இங்கன இருக்கேன்."

சங்கிலிமுத்து திரும்பினார். புறவாசற்படியில் முருகம்மாள் குச்சியோடு நின்றாள். அவள் தன்னிடம் பேசிவிட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது அடைத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு முருகம்மாள் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். முருங்கையில் ஆரம்பித்தாள். வெட்டும் முன்னால், வேறு இடத்தில் ஊன்ற ஒரு கம்பாவது ஒடித்து வைக்கத் தோன்றியதா என்று கேட்டாள். சோப்புப் போடாத நாற்றத்தைக் கேட்டாள். மருமகன் காலண்டரைக் கும்பிட்ட அவமானத்தைக் கேட்டாள். சத்தம் கேட்டுத் தெரு மறுபடியும் கூடியது. புகைந்து அடங்கின வெடிக்குக் கிட்டத்தில் போகக் கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மறக்கும் முன்னால் படிக்கிற பாடம். கருப்பணன் உட்பட எல்லோரும் பத்தடி தள்ளியே நின்றார்கள். அவன் நிற்பதை முருகம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏலே கருப்பணா, எந்த வாயால நமத்துப்போச்சுன்ன? எம் புருசன நான் கிறுக்கன்னு சொல்லுவேன், கூறுகெட்டவன்னு சொல்லுவேன். நீ யாருலே சொல்ல?"

கருப்பணன் மாரிசெல்வியின் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். கூட்டமும் கலைந்தது. முருகம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முறத்தை மடியில் எடுத்து வைத்து, மொட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"விரிஞ்சிருக்கும்ல?" என்றாள் மெல்ல. "நான் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் இல்ல" என்றார் சங்கிலிமுத்து.

"வெயில்ல போட்டதுதான் தப்பு. நெழல்ல காயப்போட்டிருக்கணும். அடுத்த மொட்டு வரட்டும், நெழல்ல போட்டுப் பாப்போம்" என்றாள் முருகம்மாள்.

தாமரையைப் பற்றி இந்த ஒன்றரை வருஷத்தில் சங்கிலிமுத்து கேட்டுத் தெரிந்துகொண்டது எவ்வளவோ. காயப்போடுவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காலண்டர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா முருகம்மா" என்றார். "நெழல்தான் சரி."