புகார் வராத மதியங்கள்

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், பழம் பிரிக்கும் பகுதிக்கு நான் மேற்பார்வையாளர். ஓடும் பெல்ட்டில் அழுகலைப் பொறுக்கும் பெண்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மீதிப் பேர் இப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். எனக்கு நாற்பத்தாறு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

அப்போது இரு தரப்புக்கும் சாப்பாட்டு நேரம் தனித்தனி. முதலில் மூத்தவர்களில் ஒரு அம்மா டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்துவிடுவார்.

"அந்தப் பொண்ணு காதுல என்னாத்தையோ சொருவிக்கினு நிக்குது மேடம். நான் கத்தறது அதுக்கு நாய் கொலைக்கிற மாதிரி."

சொல்லிக்கொண்டே என் சோற்றில் குழம்பை ஊற்றுவார். அவர் போனதும் அந்தப் பெண்ணே வருவாள்.

"தினமும் கல்யாணம் எப்போன்னுதான் கேக்கறாங்க மேடம். வேற பேச்சே இல்ல."

இருவருக்கும் தலையாட்டுவேன். கணவர் இறந்துவிட்டார், மகள் திருப்பதி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு நாளில் என்னிடம் உட்கார்ந்து பேசியவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

ஒரு நாள் அழுகல் பழங்கள் மொத்தமாக வந்தபோது அம்மா கத்தினார். காதில் பாட்டு ஓடிய பெண்ணுக்குக் கேட்கவில்லை. எல்லாம் கூழ் இயந்திரத்துக்குள் போய், அதை நிறுத்திக் கழுவ வேண்டியதாயிற்று. மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றாகச் சாப்பிட்டால் சண்டை தீரும் என்று எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு நேரமாக மாற்றினேன்.

முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு வேர்க்கடலைத் துவையல் கைமாறியது. "எனக்கும் ஒரு காதுக்குக் குடுடீ" என்று அம்மா கேட்க, ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் என் அறைக்கு அதன்பின் யாரும் வரவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். சில நாள் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். பிறகு, வெட்கத்தை விட்டு, என் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சாப்பிடும் கூடத்துக்குப் போனேன்.

உள்ளே ஒரே சிரிப்பு. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று, "கை பேசட்டும், வாய் பேச வேணாம்!" என்றார். என் வசனம், என் குரல், மூக்கை உறிஞ்சுவது உட்பட. அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள். அச்சு அசலாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க, சும்மாதான் வந்தேன்" என்றேன். யாரும் உட்காரவில்லை.

"என்னா வோணும் மேடம்?" அம்மா மரியாதையாகத்தான் கேட்டார்.

கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்ல" என்று பாக்ஸை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினேன்.

அறையில் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தேன். சிரிப்பு மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த சீசனில் சாப்பாட்டு நேரத்தைப் பழையபடி பிரித்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.