தண்ணீர் வரட்டும் என்று சொன்னவன்

போன தை மாதம் எங்கள் ஒரே மகன் குமரன் பைக் விபத்தில் இறந்துபோனான். இருபத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டு முடித்து வந்துகொண்டிருந்தான். நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், காபிக்குச் சொன்னேன். ஊசி போட்ட பல்லைப் போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் பஜனைக்கு வருகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவருவது எங்களில் வழக்கமில்லை. மண் கலயத்தில் வைத்து வாயைத் துணியால் கட்டி, பின்பக்க வேப்பமரத்தில் தொங்கவிட்டோம். பாலாற்றோடு இன்னும் இரண்டு ஆறு சேருகிற திருமுக்கூடலில் கரைக்க வேண்டும். அப்போது மூன்று ஆறும் வெறும் மணல். "தண்ணி வரட்டும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மச்சான் மட்டும் மாமல்லபுரம் கடலுக்குப் போகலாம் என்றான்.

"அவன் நீச்சல் கத்துக்கின ஆறுப்பா. அங்கதான் கரைக்கணும்" என்று புளுகிவிட்டேன். குமரனுக்கு நீச்சலே தெரியாது.

மற்ற வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்குச் சாயப் பட்டறை. பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுப்பேன். ஒரு கல்யாண ஆர்டரைக்கூடத் தாமதமாகக் கொடுக்கவில்லை. மரம் இருக்கிற பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன்.

என் மனைவி செல்வி மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தன் தட்டை மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். பிறகு இரவுச் சாப்பாடும் நின்றது. வைகாசியில் குழாயடியில் மயங்கி விழுந்தாள். இப்படியே போனால் ஆள் தேறமாட்டாள் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"சாப்புடறேன். இன்னாங்க, இன்னும் எத்தினி நாள் அவன் மரத்துல தொங்கினு இருப்பான்? கரைச்சிட்டு வாங்க, சாப்புடறேன்" என்றாள்.

ஆனியில் எங்கேயோ மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடியது. வேகம் குறையட்டும் என்றேன். குறைந்தது. பட்டறையில் ஆள் இல்லை என்றேன். தண்ணீர் வற்றிவிட்டது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். ஆறு மாதமாகப் பெருமாளிடம் தண்ணீர் கேட்டது என் வாய். வரவே கூடாது என்று கேட்டது என் மனசு. அன்றைக்கு முதல் தடவையாக உள்ளதைச் சொன்னேன். "பெருமாளே, பயமாக்குது. அந்தக் கலயம் கையில கனமா இருந்தா எனக்கு அழுகை வந்துடும். லேசா இருந்தா அதைவிட மோசம். செல்வியைக் காப்பாத்து. என்னைக் கையப் புடிச்சி ஆத்துக்குக் கூட்டினு போ." அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. வீட்டுக்கு வந்தேன். நேராக மரத்தடிக்குப் போய்க் கலயம் தொங்கிய கயிற்றை அவிழ்த்தேன். எப்படி அவிழ்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது என் துணிச்சல் இல்லை என்று மட்டும் தெரியும்.

கலயம் லேசாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் போனோம். கண்ணுக்கெட்டிய வரை மணல். "தண்ணி இல்லையே" என்று என் வாய் மறுபடியும் ஆரம்பித்தது. செல்வி உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டினாள். பாலாற்றுக்காரர்களுக்குத் தெரியாததா? கோடையில் ஊற்று தோண்டித்தானே குடித்தோம். நானும் மண்டியிட்டேன். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் போனதும் தண்ணீர் சுரந்தது. சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாடு கத்துவதைப் போலக் கத்தினேன். செல்வி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மந்திரம் சொல்ல ஆள் இல்லை. அவன் பேரைச் சொல்லிக் கரைத்தோம்.

வரும் வழியில் ஒரு கடையில் செல்வி நாலு இட்லி சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். சில நாள் சாப்பிடும்போதே இரண்டு பேரும் அழுகிறோம்.

எதையாவது நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தால், பெருமாளிடம் சாக்குச் சொல்லாதீர்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கூட வருவார். எனக்கு இப்போது தினமும் வலிக்கிறது. அதற்குத்தான் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.