காலை ஆறு பத்துக்கு வந்து போனவர்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் அவளை எல்லாரும் தபால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்னஞ்சல் முழுக்க அவள் பொறுப்பு. தட்டச்சராகச் சேர்ந்தவள், சர்வரைத் தொட ஆளில்லாத ஒரு நாளில் கை வைத்தாள். பதினான்கு வருடமாக எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாம இங்க ஒரு மெயில் தும்மக்கூட முடியாது" என்பாள். வாய்க்கொழுப்பு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

அன்று வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நான் பார்த்துக்கற ஆபீஸ் பொதுப் பெட்டியில ஒரு வாரமா மெயில் எல்லாம் காணாமப் போகுது. நான்தான் அழிக்கிறேன்னு ஹால்ல எல்லார் முன்னாடியும் முதலாளி கத்திட்டார். இன்னையோட வேலை இல்லையாம்."

"சாயங்காலம் நீ கிளம்பறப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு. காலையில வந்தா ஒண்ணுகூட இல்ல."

தபால்காரம்மா சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தாள். அஞ்சலை எடுக்க வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு வாசல். ஐமேப் வாசலில் வருகிறவர் பெட்டியைத் திறந்து அங்கேயே படிப்பார். கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கும், அடுத்து வருகிறவருக்கும் கிடைக்கும். பாப் பழைய வாசல். அதில் வருகிறவர், ஒரு பிரதி இங்கே இருக்கட்டும் என்று சொல்லிவைக்காவிட்டால், எல்லாவற்றையும் தன் கணினிக்கு வாரிக்கொண்டு பெட்டியைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெண் வந்ததெல்லாம் ஐமேப் வழியாக. பாப் வாசலிலோ, ஒரு வாரமாகத் தினமும் காலை ஆறு பத்துக்கு ஒருவர் வந்து போயிருந்தார்; பதிவிலிருந்த முகவரி முதலாளி வீட்டு இணைப்புடையது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பதிவை அச்செடுத்துக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், வீட்டுக் கம்ப்யூட்டர்ல மெயில் போட்டிருக்கீங்களா?"

"போன வாரம் போட்டேன். யார் உதவியும் இல்லாம நானே!" என்றார் பெருமையாக. "காலையில எழுந்ததும் அதைத் திறக்கறதுதான் முதல் வேலை."

"ஆபீஸ் பெட்டியையும் சேர்த்தா?"

"சேர்த்தேன். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள பார்க்க எனக்கு எங்க நேரம்?"

"காணாமப் போனது அத்தனையும் அங்கதான் பத்திரமா இருக்கு சார். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க."

தாளை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"மெயிலை நான் திருப்பிப் போட்டுடறேன். உங்க கம்ப்யூட்டரையும் ஐமேப்புக்கு மாத்திடறேன். ஆனா ஹால்ல நின்னு கத்தினீங்களே, அதை நீங்கதான் திருப்பி எடுக்கணும்."

அவர் எழுந்து ஹாலுக்கு நடந்தார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மெயிலை எடுத்தது நான்தான்" என்றார், காலையில் கத்திய அதே குரலில்.