ஊஞ்சல் பாட்டு எத்தனை கட்டை?

போன கிழமை வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். புளியங்குளம் சந்தியில் பஸ் திரும்பும்போது எதிரே வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது.

"நாலரைக் கட்டை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்து சீற்றில் இருந்தவர், எங்கள் முள்ளியவளையில் சங்கீதம் படிப்பிக்கும் சுகந்தி ரீச்சர். "என்ன ஐயா, ஆருக்கு நாலரை?"

"அந்த லொறிக்கு."

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதென்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதமாகப் போனில் ஒரு பயிற்சி செய்கிறேன். அது ஒரு சத்தம் போடும். அது எத்தனை கட்டை என்று நான் சொல்ல வேண்டும். சுருதிப்பெட்டி, ஆர்மோனியம் எதுவும் துணைக்கு இல்லை, காது மட்டும்தான். இப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு பேர்ஃபெக்ட் பிட்ச் இருக்கிறது என்பார்கள். (கட்டை என்பது சுருதிக் கணக்கு. எண் கூடக் கூடக் குரல் ஏறும். இவ்வளவு தெரிந்தால் இந்தப் பத்திக்குப் போதும்.)

"எத்தினை சரி வருது?"

"பத்துக்கு இரண்டு."

"குருட்டுக்குச் சொன்னாலே ஒண்டு சரிவருமே ஐயா."

சொல்லிவிட்டு, லொறி எத்தனை கட்டை என்று சரிபார்க்கத் தன் போனை எடுத்தார். அதற்குள் அந்த லொறிக்குப் போட்டியாக எங்கள் பஸ்காரனும் பின்னால் வந்த இன்னொருவனும் ஹோர்ன் அடித்தார்கள். எது எத்தனை கட்டை என்று யாருக்குத் தெரியும்?

"உதைப் படிச்சு என்ன செய்யப் போறியள்?" என்றார் ரீச்சர். "எங்கட சங்கீதத்தில 'ஸ' எண்டது கதிரை மாதிரி. எங்க இழுத்துப் போட்டாலும் இருக்கலாம். மற்றச் சுரங்கள் வந்து சுத்தவர இருந்திடும். பியானோ பழகுற பிள்ளையள் சிலருக்குச் சின்னனிலயே அது வந்திடுமாம். பிறகு அதுகளுக்குக் கரைச்சலும் இருக்காம். தெரிஞ்ச பாட்டை ஆரும் அரைக் கட்டை கூட்டிப் பாடினா, பிழை பிழை எண்டு கேக்குமாம். சும்மா இருக்கிற காதுக்கு ஏன் ஐயா அந்த வருத்தம்?"

நான் விடவில்லை. முப்பத்தொரு வருடம் நில அளவையாளனாக இருந்தவன். அசையாத ஒரு கல் எங்கேயாவது இல்லாவிட்டால் எதையும் அளக்க முடியாது, பிள்ளை, என்றேன். காணிக்குக் கல் வேண்டும், பாட்டுக்கு வேண்டாமா?

"பாட்டில ஆரும் வேலி போடுறேல்லையே" என்றார்.

நெடுங்கேணி தாண்டும் வரை வாதாடினோம். ரீச்சர் சொன்னதுதான் சரி. ஆனால் நான் ஏன் இதைப் பழகுகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் அம்மன் கோயிலுக்கென்று ஊரார் ஒருவர் எப்போதோ எழுதிய ஊஞ்சல் பாட்டு உண்டு. திருவிழா முடிந்ததும் அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். பெண்கள் சுற்றி நின்று அந்தப் பாட்டைப் படிப்பார்கள். முதல் அடியை எடுப்பது என் மனைவி. சுருதிப்பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகுவாள். எடுத்துவிடுவாள். மற்றவர்கள் பின்னால் போவார்கள்.

அவள் போய் ஆறு வருடம்.

குரல் எதிலாவது பதிவாகியிருக்குமே என்று கேட்பீர்கள். பழைய கசெற்றுகள் இடம்பெயர்வில் போயின. பிறகு போன் வந்தது. அதை நீட்டினால் வாயை மூடிக்கொள்வாள். "அம்மனுக்குப் பாடுறதை ஏன் பெட்டிக்குள்ள பிடிக்கிறியள்?" ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு வீடியோ ஒன்றில் மட்டும் அவள் பாடுகிற காட்சி இருக்கிறது. ஆவலோடு போட்டுப் பார்த்தேன். வீடியோக்காரர் அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். அவள் வாய் அசைகிறது... பாடுகிறது வேறு யாரோ.

சரி, மனதுக்குள் இருக்கிறதே? இருக்கிறது. அங்கேதான் சிக்கல். குசினிக்குள்ளிருந்து "இஞ்சேருங்கோ" என்று அவள் கூப்பிடுவது எனக்கு இன்றும் கேட்கும். எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே கோபம் தொடங்கும் – எல்லாம் தெரியும். ஆனால் எந்த உயரத்தில்? மூன்று கட்டையில் நினைத்தாலும் அவள்தான். ஆறில் நினைத்தாலும் அவள்தான். காணியின் வரைபடம் கையில் இருக்கிறது. காணி எந்த ஊரில் என்றுதான் தெரியவில்லை. காதைப் பழக்கினால் ஒருநாள் அந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அவளுக்குப் பிறகு, பெண்களுக்குச் சுருதி கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. போனில் சுருதி இருக்கிறது. 'ஆண்கள்', 'பெண்கள்' என்று இரண்டு பொத்தான்கள். பெண்கள் என்பதை அமத்தினேன். ஐந்தரைக் கட்டை. ஆறு வருடமும் அதுதான். மூன்றாவது அடி மேலே ஏறும்போது பெண்களுக்கு நெற்றி சுருங்கும், கழுத்து நரம்பு தெரியும். பயிற்சி போதாது என்பேன்.

இந்த வெள்ளிக்கிழமை கோயிலடியில், திருவிழாவுக்கு முந்திய பயிற்சி. போனை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். எடுத்து வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினேன்.

"நில்லுங்கோ அண்ணை" என்றார் வள்ளியக்கா. என் மனைவியை அக்கா என்று கூப்பிட்டு, பக்கத்தில் நின்று இருபது வருடம் பாடியவர். "நீங்கள் போட்டு வாறதுக்குள்ள நாங்கள் படிச்சு முடிச்சிடுவம்."

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து எடுத்தார்கள்.

தாழ்ந்திருந்தது. நன்றாகவே தாழ்ந்திருந்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மூன்றாவது அடி வந்துவிட்டது. ஒரு நெற்றியும் சுருங்கவில்லை. பாட்டு ஏறிய இடமே தெரியாமல் ஏறி, அந்தப் பழைய இடத்தில் ஒரு நொடி நின்று, இறங்கியது.

முடிந்ததும் கேட்டேன். "ஏன் இவ்வளவு கீழ எடுத்தனீங்கள்?"

வள்ளியக்கா விளங்காமல் பார்த்தார். "இதென்ன கேள்வி? அக்கா எடுக்கிற இடம் இதுதானே."

"பிறகேன் ஆறு வருஷமா ஒருத்தரும் சொல்லேல்ல?"

"நீங்கள் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, பொலிஸ்காரர் மாதிரி நிக்கேக்க ஆர் சொல்லுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

"இன்னொருக்காப் படியுங்கோ" என்றேன்.

படித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் குரல் இல்லை, அது எனக்குத் தெரியும். அவள் குரல் நிற்க வேண்டிய இடம் மட்டும் இருந்தது. ஐந்து பெண்களும் அதைச் சுற்றி நின்று பாடினார்கள். சரியாக அதே இடம்தானா? அரைக் கட்டை அங்கே இங்கே பிசகியிருக்காதா? அளந்து பார்க்க எனக்கு வழியில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றை அளக்காமல் நம்பினேன்.

ஆகவே, பேர்ஃபெக்ட் பிட்ச் பழகுவது பிரயோசனமா? பியானோ பழகும் பேரப்பிள்ளை இருந்தால் பழக்குங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது வேறு. கூடப் பாடுகிறவர்களோடு கோபிக்காதீர்கள். நாளைக்கு உங்கள் சுருதி அவர்கள் தொண்டையில்தான் இருக்கும்.

எனக்கு இப்போது வேறொரு கவலை. ஊஞ்சல் வருடத்தில் ஒருநாள்தான். அது முடிந்தால் பயிற்சியும் நின்றுவிடும். பிறகு ஒரு வருடம் நான் என்ன செய்வது? நேற்றுக் கோயிலடியில் ஐயரைப் பிடித்து, வெள்ளிக்கிழமைதோறும் ஊஞ்சல் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"கிழமைக்குக் கிழமை ஆட்டினா அம்மனுக்குத் தலை சுத்துமெல்லே" என்றார்.

எதற்கும் அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.