நாற்பது இலக்கமும் அவள் எழுதிய மீதியும்

என் ரேஷன் கார்டு எண் எனக்குத் தெரியாது. ஆதார் எண் கேட்டால் கைப்பையைத் துழாவுவேன். ஆனால் நாற்பது இலக்கம் கொண்ட ஓர் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நயா பைசாவுக்குப் பிரயோசனம் இல்லாத எண்.

அது கல்லூரிக் காலத்தில் மின்சார ரயிலில் பிறந்தது. நான் தாம்பரத்தில் ஏறுவேன், என் தோழி குரோம்பேட்டையில். அவளுக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு, தினமும் யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொள்வேன். "இன்னாம்மா, ட்ரெய்ன உன் பேர்ல எழுதிக் குடுத்துக்கீறாங்களா?" என்று ஒரு பூக்கார அக்கா கேட்டே விட்டார். நாங்கள் இருவரும் கணிதம் படித்தோம். ஒருநாள் பொழுது போகாமல், ஆளுக்கோர் இலக்கமாக மாற்றி மாற்றி எழுதி அந்த எண்ணை உண்டாக்கினோம். கடைசியில் இருக்கும் 9 அவள் போட்டது.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் சோதித்தோம். பகா எண் இல்லை, பகு எண் என்று வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஓர் எண் வகுபடும் என்று நிரூபிக்க, அது எதனால் வகுபடும் என்று தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. பகா எண்கள் எல்லாம் தேறும் ஒரு சோதனையில் எங்கள் எண் தேறவில்லை, அவ்வளவுதான். காரணி நிச்சயம் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியாது.

"மெஷின்ல போடக் கூடாதுடி, கையாலதான் கண்டுபிடிக்கணும். கிடைச்சா அடுத்த நிமிஷம் மத்தவளுக்குச் சொல்லணும்" என்று சத்தியம் வாங்கினாள்.

வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்களைப் பங்கு போட்டோம். 3, 9-ல் முடிபவை எனக்கு. 1, 7-ல் முடிபவை அவளுக்கு. ஒரே நோட்டில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மீதி பூஜ்யம் வந்தால் காரணி. வரவே இல்லை.

மூன்றாம் ஆண்டில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேர்வு முடிந்ததும் பெரும்பாக்கம் போய்விட்டாள். போகும்போது நோட்டை என் கையில் திணித்து, "கிடைச்சா கூப்டு" என்றாள்.

இரும்புலியூரில் இருக்கும் எனக்குப் பெரும்பாக்கம் என்ன பெரிய தூரம்? ஆனால் முதலில் வீம்பு, அவளே கூப்பிடட்டுமே என்று. வருடங்கள் கூடக் கூடக் கூச்சம். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருவருமே இருந்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காரணி கிடைத்தால் கூப்பிடலாம் என்று, விட்ட இடத்திலிருந்து எல்லாப் பகா எண்களையும் நானே வகுத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கணக்கு ஒரு சாக்கு.

போன வாரம் ரயில் குரோம்பேட்டையில் நின்றது. பக்கத்து இருக்கையில் என் பை. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு மேல் தாங்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று போனை எடுத்து நாற்பது இலக்கத்தையும் தட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. முதல் காரணி 617.

ஏழில் முடிகிறது. அவள் பங்கு.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைத் தேடி எடுத்தேன். மற்ற எல்லா எண்ணுக்கும் முழு வகுத்தலும் போட்டிருந்தாள். 617-க்குக் கீழே வகுத்தலே இல்லை. 'மீதி 1' என்று மட்டும் குண்டு குண்டாக எழுதியிருந்தது. ஓரத்தில் தேதி. அவள் நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த திங்கள்.

கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். ஹலோ இல்லை, யார் என்ற கேள்வியும் இல்லை.

"அறுநூத்திப் பதினேழா?" என்றாள்.

"பாவி! ஏன்டி பொய் எழுதுன?"

"கிடைச்சிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சிரும்லடி. நீ என்னிக்காவது சரிபார்ப்ப, திட்டவாவது கூப்பிடுவன்னு உக்காந்திருந்தேன். இத்தன வருஷத்துல ஒரு தடவகூடவா சரிபார்க்கல?"

"நீ போட்ட கணக்கை நான் எதுக்குடி சரிபார்க்கப் போறேன்?" என்றேன்.