சிக்னல் சுருளிராஜன்

மைக் செட் தங்கப்பாண்டியன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, எந்தச் சுருளிராஜன்னு சொல்லட்டும்?"

எங்கள் ஊரில் அது நியாயமான கேள்வி. சுருளி மலைக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்றவர்கள் இங்கே அதிகம். அப்பா வயதிலேயே கண்டக்டர் சுருளிராஜன், கொய்யாத்தோப்புச் சுருளிராஜன், குட்டைச் சுருளிராஜன் என்று பலர் உண்டு. பட்டப்பேர் இல்லாமல் சாவைக்கூட அறிவிக்க முடியாது. அப்பாவுக்கும் ஒரு பட்டப்பேர் இருந்தது. தங்கப்பாண்டியனுக்கும் அது தெரியும். என் வாயால் வரட்டும் என்று நின்றார்.

உள்ளே ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்தான். "அந்தப் பேர மட்டும் போட்றாதத்தா. உங்கப்பாவுக்கு ஆகாது."

"போக்குவரத்துக் கழகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுருளிராஜன்னு சொல்லுங்கண்ணே. சாயங்காலம் எடுக்கிறோம். அது போதும்" என்றேன்.

தங்கப்பாண்டியன் பிடரியைச் சொறிந்துகொண்டார். ஆட்டோ கிளம்பியது.

அப்பா தேனி டிப்போவில் எழுத்தராக இருந்தவர். கூச்சம் அவருக்குப் பிறவிக்குணம். பந்தியில் எதிர் இலைக்காரர் பார்த்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நிற்காவிட்டால் குரல் கொடுக்காமல் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருவார். பஸ் கம்பெனிக்காரரே இப்படியா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள், ஃபேன் ரெகுலேட்டர் தேடி கம்பத்தில் நூர் முகம்மதுவின் பழைய சாமான் கடைக்குப் போனார். கேரளா மலைப்பக்கம் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் சாமான்கள் அங்கே குவிந்திருந்தன. குவியலுக்கு அடியில் எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள். கீபோர்டுதான் கம்ப்யூட்டர். டிவியில் மாட்ட வேண்டும். புரோகிராம் பாட்டுக் கேசட்டில் இருக்கும்.

"டைப்ரைட்டர்னு நினைச்சு ஏத்திட்டு வந்தேண்ணே. பேப்பர் போற வழியவே காணோம்" என்றாராம் நூர் முகம்மது.

அப்பாவுக்கு அது என்னவென்று தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மதுரைப் பொருட்காட்சியில் ஒரு கூடாரத்தில் இதே போன்ற ஒன்றை வைத்திருந்தார்களாம். விளையாட வரிசையில் நின்றிருக்கிறார். தன் முறை வந்தபோது பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. ஒதுங்கி வெளியே வந்துவிட்டார். இதை அவர் சொல்லி, என் நாற்பதாவது வயதில்தான் நான் கேட்டேன்.

குவியல் மொத்தத்தையும் வாங்கினார். குட்டியானை வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, இருட்டும்வரை கம்பத்திலேயே காத்திருந்து ஊருக்குக் கொண்டுவந்தார். இந்த வயதில் இது எதற்கு என்று யாராவது கேட்டுவிடக் கூடாது. காரணம் அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் பார்த்தது, மூடிய வண்டி ராத்திரியில் வந்து மூடிய சாமானை இறக்கிவிட்டுப் போனதை.

எங்கள் ஊரிலிருந்து பொட்டிப்புரம் கூப்பிடு தூரம். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது, மலையே வெடிக்கும் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து, இந்தப் பக்கம் தெரியாத மிஷினைக் கண்டால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கூப்பிடுவார். "கெப்பாசிட்டர்ல வெள்ளக் கோடு எந்தப் பக்கம்மா?" மைனஸ் பக்கம் என்பேன். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி வரும். அவர் நல்ல மெக்கானிக் இல்லை. ஐசியைத் திருப்பி மாட்டிப் புகைய விட்டிருக்கிறார். மலை ஈரத்தில் துருப்பிடித்துப் போன போர்டுகள், உள்ளே பல்லி முட்டை, கரப்பான் எச்சம். பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். கீபோர்டு பொத்தான்களைக் கழற்றி சீயக்காயில் ஊறப்போட்டு, எழுத்தே அழிந்துபோக, அம்மாவின் மை டப்பாவை எடுத்து எழுதினார். பாதிக்கு மேல் உயிர் வரவில்லை. வந்தவற்றுக்கு நானும் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னேன்.

பழசாகி மஞ்சள் பாரித்த மேல்மூடிகளை பெராக்சைடு தடவி வெயிலில் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும். மாடியில் வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அதனால் அம்மாவின் சேலைகளைச் சுற்றிலும் கட்டி, நடுவில் காயவைத்தார். மாடியில் சேலைக்கு நடுவே என்ன என்று ஊர் கேட்க ஆரம்பித்தது.

அப்புறம் அந்தச் சத்தம். பழைய கேசட்டில் புரோகிராம் ஏறாவிட்டால், டேப்ரெக்கார்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அதுதான் சரியான இடம். அதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும், அதற்கு சத்தத்தை முழுதாக வைக்க வேண்டும். தகரத்தைக் கீறுவது போல, ஒரே சீராக, நிமிடக்கணக்கில் கேட்கும். தினமும் மாலையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டார் அப்பா.

"சிக்னல் அனுப்புறாரு" என்றது ஊர்.

முத்துப்பாண்டிச் சித்தப்பா நாலைந்து பேரோடு வீட்டுக்கு வந்தார். திராட்சைத் தோட்டக்காரர், நல்ல மனிதர். "சுருளியண்ணே, உள்ள என்ன பண்றீக? நேரா சொல்லிட்டா நாங்க கெளம்பிருவோம்."

விளையாடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அறுபத்து மூன்று வயது மனிதர், பேரன் எடுக்கும் வயது. டிவியில் குட்டி மனிதனைக் குதிக்க வைத்துச் சாவி பொறுக்குகிறேன் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மரியாதையான சொல்லாகத் தேடியிருக்கிறார்.

"சும்மா ஒரு சின்ன ஆராய்ச்சி" என்றார்.

அந்தத் தாலுகாவில் அதைவிட மோசமான சொல் கிடையாது.

அதற்குப் பிறகு டீக்கடையில் அப்பா உட்கார்ந்தால் பெஞ்ச் காலியானது. அதை அவர் தாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். பேச வேண்டியதில்லையே. ஆனால் எங்கள் தெரு ராக்கம்மாளின் பேத்தி சடங்குக்கு ஊர் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்தவர்கள், எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் தலை சீவித் தயாராக நின்றிருந்தாளாம். எனக்கு போன் வந்தது. நான் லீவு போட்டு வந்தேன்.

"நான் பேசுறேம்ப்பா. அஞ்சு நிமிஷத்துல புரிய வச்சிரலாம்."

"வேண்டாம்மா. உங்கம்மாவத் தாண்டிப் போயிட்டாக. நானே சொல்லிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் எங்கள் டிவியைத் தூக்கி வாசலில் வைத்தார். அவரே முத்துப்பாண்டியிடம் போய், எல்லோரையும் கூட்டி வரச் சொன்னார். தெருவே வந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேசட்டைப் போட்டார். அந்தச் சத்தம் எழுந்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயரை மாட்டினார். திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடின. பிழை என்று காட்டி நின்றுவிட்டது. கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டார். மறுபடி பிழை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு எழுந்துபோய் உதவத் தோன்றியது. உதவினால் அவர் இன்னும் கூசுவார் என்று உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் முறை ஏறியது. திரையில் ஒரு குட்டி மனிதன். அப்பா விரலால் தட்டினார். அது குதித்தது. சாவி ஒன்றைப் பொறுக்கியது. டிங் என்றது.

அப்புறம் ராக்கம்மாள்: "அடப்பாவி, இதுக்கா இம்புட்டுச் சத்தம்?"

தெரு சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கள் ஊரில் கேட்டதில்லை. "நானு என்னமோ மலையே வெடிக்கப் போகுதுன்னு நெனச்சேன், மனுசன் பம்பரம் விட்டுக்கிட்டு இருந்துருக்காரு!" என்றார் முத்துப்பாண்டி. "சிக்னலு, தள்ளு, நான் ஒரு கை பார்க்கிறேன்." உட்கார்ந்த வேகத்தில் அவருடைய ஆள் பள்ளத்தில் விழுந்து செத்தான். மறுபடி சிரிப்பு. அப்பாவும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டார்.

மறுநாள் ராக்கம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தார். அம்மா சடங்குக்குப் போனாள்.

அப்பாவுக்குப் பேர் நின்றுவிட்டது. சிக்னல். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் சட்டை இல்லாமல் தெருவில் நிற்பதுபோல் ஆகிவிடுவார். டீக்கடைக்குப் போவதை விட்டார். பழுது பார்ப்பதை விடவில்லை. டேப்ரெக்கார்டர் ஸ்க்ரூவை மட்டும் அதற்குப் பிறகு திருகவில்லை. போனவாரம் வரை கெப்பாசிட்டர் கோடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

தங்கப்பாண்டியனின் ஆட்டோ போய் வெகுநேரமாகியும் ஆட்கள் வரவில்லை. போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கொட்டுக்காரர்கள் தெருவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் கண்டக்டர் சுருளிராஜன். தோளில் மாலைகள். பின்னால் அவர் மனைவி, கண்ணெல்லாம் சிவந்து. அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம், ஆளாளுக்கு மாலையோடு, செருப்பைப் பார்த்தபடி.

"ஆத்தா" என்றார் என்னிடம். "சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். ராக்கம்மா வந்து எங்க வீட்டு வாசல்ல நெஞ்சடிச்சு அழுகுறா. என்னைப் பார்த்ததும் அவ மயங்கி விழுந்துட்டா. போக்குவரத்துக் கழகத்துல ரெண்டு சுருளி இருந்தோம்ல? எல்லாரும் அங்கன வந்துட்டாக. கடைக்குப் போயிருந்த இவகூட நம்பி அழுதுக்கிட்டே ஓடியாந்தா."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"சின்னமனூர்க்காரங்க, தேவாரத்துக்காரங்க எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்காக. பேரச் சொல்ல வேண்டியதுதானத்தா?"

"அந்தப் பேரு அப்பாவுக்குப் பிடிக்காது."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. கூட்டத்தில் நின்ற முத்துப்பாண்டி மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சொல்லவே இல்லையேத்தா" என்றார். "எத்தன வருசமா கூப்பிட்டேன். ஒருநாளும் சொல்லலையே." மாலையைப் பார்த்தபடி, "நான்தான் வச்சேன் அந்தப் பேர" என்றார்.

நான் வெளியே வந்தேன். தங்கப்பாண்டியன் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"அந்தப் பேரோட இன்னொரு சுத்து சொல்லிருங்கண்ணே."

"நான் சொன்னா கேலி பண்ற மாதிரி இருக்கும் தங்கச்சி. சாவு வேற." மைக்கை என் பக்கம் நீட்டினார். "நீங்க சொல்லுங்க. மக சொன்னா மரியாதையா இருக்கும்."

ஏறி உட்கார்ந்தேன். மைக்கின் சுவிட்சைப் போட்டதும் ஒலிபெருக்கி கீச்சென்றது. தூரத்தைச் சரிசெய்தேன்.

"சிக்னல் சுருளிராஜன் அவர்கள்" என்றேன். மறுபடி சொன்னேன். குழாயடியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மெயின் ரோடு வரை சொல்லிக்கொண்டே போனேன். வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. "அட, நம்ம சிக்னலா!" என்று ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது நாற்காலிகள் நிரம்பி ஆட்கள் நின்றிருந்தார்கள். கொட்டு ஆரம்பித்திருந்தது. உள்ளே போனேன். ஒலிபெருக்கிச் சத்தம் வீடு வரை கேட்டிருக்கும். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பெட்டிக்குள் பார்க்கவில்லை. இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஊர் ஒவ்வொருவராக வந்து அவருக்கு மாலை போட்டது.