கிட்டப் போனால் இருக்கும் பாலம்

ஆபீசில் அவளுக்கு மேப் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில், ஜன்னலைத் திறக்க முடியாத ஓர் அறையில், ஊரின் தெரு, குழாய், சாக்கடை மூடி, பாலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, சர்வரில் ஏற்றி, கேட்கிறவர்களுக்கெல்லாம் படமாகக் கொடுப்பது அவள் வேலை. குடிநீர்ப் பிரிவு பார்ப்பதும் அந்தப் படம்தான், குப்பை லாரிக்காரர் பார்ப்பதும் அந்தப் படம்தான். படம் ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் நின்றால் போதும், போன் போட்டு ஆளைக் கிழித்துத் தொங்கப்போட்டுவிடுவார்கள்.

வீட்டிலும் அதே லட்சணம்தான். அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவள். தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வண்டியில் இருக்கும் டேப்லெட்டில் அவனுக்கு வழி காட்டுவது அக்காவின் படம். சாப்பிட உட்கார்ந்தால் வம்புக்கு இழுக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"ஊருக்கே வழி காட்டுற. அன்னைக்குத் துணிக்கடையிலேர்ந்து வீட்டுக்கு வரத் தெரியாம யாரு எனக்கு போன் பண்ணினது?"

"பேசாம சாப்பிடுடா. என் படம் இல்லேன்னா நீ ஸ்டாண்டை விட்டே வெளியே வர மாட்டே."

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டாண்டுக்கு அவனைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அந்தப் பகுதி அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அதே நேரம் பார்த்துத்தான் கால்வாயின் பழைய பாலத்தில் தூண் விரிசல் விட்டு, இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து மூடினார்கள்.

பாலத்தைப் படத்திலிருந்து எடுப்பது ஒரு வேலையே இல்லை. தகவல் வந்த அன்றே எடுத்துவிட்டாள். ஆனால் எடுத்தால் மட்டும் போதாது. ஊர் பார்க்கும் படம் அப்போதைக்கப்போது வரைந்து வருவதில்லை. முன்கூட்டியே சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து சர்வரில் அடுக்கி வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஓர் அடுக்கு, கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க இன்னொன்று, தெருவுக்குள் இறங்கிப் பார்க்க வேறொன்று. எல்லா அடுக்கையும் திரும்ப வரைந்தால்தான் பழைய பாலம் ஒழியும். அதை ஓடவிடும் அனுமதியோ பிரிவுத் தலைவர் கையில் இருந்தது.

மனுஷர் லேசில் மசியவில்லை.

"இப்ப ஓடவிட்டா சர்வர் மந்தமாயிடும்மா. மேலதிகாரிங்க, பெரியவங்க எல்லாம் நம்ம படத்தைப் பார்க்க வர்ற நேரம்."

"சார், பாலம் இல்லாத இடத்துல பாலம் காட்டுது. ஆம்புலன்ஸ் போற வழி சார் அது."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

இந்தப் பார்க்கலாமைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ரத்தம் கொதித்தது. தினமும் போய் நின்றாள். தினமும் பார்க்கலாம். "படத்தைப் பார்க்காதே, யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போ" என்று தம்பியிடம் சொல்லவேண்டிய நிலைமை. சொந்த வேலையைப் பற்றி இப்படிச் சொல்ல அவளுக்கு நாக்கு கூசியது.

ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டார். "ஓடவிட்டாச்சு. போதுமா? வந்து பாரு." சுவரில் இருந்த பெரிய திரையில் ஊர் முழுக்கத் தெரிந்தது. கால்வாய் நீலமாக ஓடியது. மேலே பாலத்தைக் காணோம். அப்பாடா என்று மூச்சு விட்டு, அங்கிருந்தே தம்பிக்கு போன் போட்டாள்.

"பாலத்தை எடுத்தாச்சுடா. இனிமே யாரையும் கேட்க வேண்டாம், கண்ணை மூடிட்டுப் படத்தை நம்பு."

மறுநாள் அவன் போன் வந்தபோது பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா, எடுத்துட்டேன்னு சொன்னியே! தடுப்புக்கு முன்னாடி நிக்கிறேன். உள்ளே ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிக்குது. படத்துல பாலம் அப்படியே இருக்குக்கா!"

"திருப்பு. கால்வாயை ஒட்டியே போ. பம்ப் ஹவுஸ் தாண்டினதும் அடுத்த பாலம். அது திறந்திருக்கு. ஓடு, ஓடு!" போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலைவரின் அறைக்குள் நுழைந்தாள். அங்கே வந்திருந்த பெரியவர்களுக்கு அவர் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பாலம் போகலை."

"இல்லையேம்மா, நீயே பார்த்தியே."

அவள் யாரையும் கேட்கவில்லை. மவுசைப் பிடுங்கிச் சக்கரத்தை உருட்டினாள். ஊர் பெரிதாகி, தெருக்கள் விரிந்து, கால்வாய் கிட்ட வந்தது. அதன் மேல் குத்துக்கல்லாட்டம் பாலம்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடுவில நிறுத்திட்டேன்மா. ரொம்ப மந்தமா இருந்தது. தூரத்துப் படம் முடிஞ்சிருந்தது, அது போதும்னு நினைச்சேன். இவ்வளவு கிட்டப் போய் யாரு பார்க்கப் போறாங்க?"

"வண்டி ஓட்டுறவன் பார்ப்பான் சார். பேசுங்க." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சைரன் அறை முழுக்கக் கேட்டது. அவர் வாங்கவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள்ளேயே பிறந்தது. நல்லவேளை, இரண்டு உயிரும் பிழைத்தன. அன்று அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, பெரியவர்களே உத்தரவு போட்டுவிட்டுப் போனார்கள். கடைசி அடுக்கு முடிகிறவரை அவள் இருக்கையை விட்டு எழவில்லை. முடிந்ததும் ஒவ்வொரு அடுக்காக இறங்கிப் பார்த்தாள். இதை நேற்றே செய்ய எந்தத் தலைவர் அனுமதி தர வேண்டியிருந்தது? உருட்டிப் பார்க்காத தன் விரலை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

வீட்டில் தம்பி வம்பு இழுக்காமல் சாப்பிட்டான்.

"சரியாயிடுச்சுடா. நானே இறங்கிப் பார்த்தேன்."

"சரிக்கா," என்றான். குரலில் கோபம் துளியும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து, அவள் எதிரிலேயே ஸ்டாண்டில் இருக்கும் இன்னொரு ஓட்டுநருக்கு போன் போட்டான்.

"அண்ணே, பம்ப் ஹவுஸ் பாலம் திறந்துதானே இருக்கு? இல்ல, படத்துல இருக்கு. நீங்க கண்ணால பார்த்தீங்களா?"